வாட்டர் வாஷ் டிரெய்லருக்குப் பிளாஸ்டிக் தொட்டியா, இரும்புத் தொட்டியா?

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் லாரி, டிராக்டர் கழுவுவதற்கென டிரெய்லர் அமைப்பவர்கள், 1000 லிட்டர் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டிக்கும் வெல்டிங் செய்த இரும்புத் தொட்டிக்கும் இடையே தயங்குவதைப் பார்க்கிறேன்.

பிளாஸ்டிக்கின் குறை வெளிச்சம்தான்: சுவர் வழியே வெயில் ஊடுருவுவதால் உள்ளே பாசி பிடித்து, அது பிய்ந்து வந்து பம்பின் வடிகட்டியை அடைத்துவிடும். எனவே முதலில் கறுப்பும், சூடு ஏறாதிருக்க அதன்மேல் வெள்ளையும் பூசுவது நல்லது. ஆனால் இத்தொட்டியின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனின் வழவழப்பில் பெயிண்ட் எளிதில் பிடிக்காது. எண்ணெய்ப் பசை போகக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்த பிறகே பூச வேண்டும். தேய்க்காமல் பூசிய என் முதல் தொட்டியில், சித்திரை வெயிலுக்குப் பெயிண்ட் வாழைச்சருகு போல உரிந்து கையோடு வந்தது.

இரும்பில் பெயிண்ட் உறுதியாக ஒட்டும். அலையைத் தடுக்கும் குறுக்குத் தகடுகளையும் உள்ளே வெல்டிங் செய்துகொள்ளலாம். 1000 லிட்டர் என்பது 1 டன் எடை. தொட்டி பாதி நிறைந்திருக்கையில் பிரேக் பிடித்தால் தண்ணீர் முன்னோக்கிப் பாய்ந்து வண்டியையே தள்ளும் என்பதால், இது பெரிய அனுகூலம். ஆயினும் உப்பேறிய போர்வெல் தண்ணீருக்கு இரும்பு தாங்காது. உட்புறம் எப்பாக்ஸி பூசினாலும் வெல்டிங் ஓரங்களில் துரு கிளம்பி, அதன் துகள்கள் தண்ணீர் பீய்ச்சும் நாசிலை அடைக்கும்.

என் தேர்வு பிளாஸ்டிக்கே. தொட்டியைச் சக்கர அச்சுக்கு நேர்மேலே இரும்புச் சட்டத்தில் இறுகக் கட்டி, அடிப்பக்கம் ரப்பர் வாஷருடன் டேங்க் நிப்பிள் (குழாய் மாட்டும் இணைப்பு) பொருத்தி, முழுத் தொட்டியாகவோ வெறும் தொட்டியாகவோ மட்டுமே சாலையில் இழுத்துச் செல்கிறேன்.