குளோபல் ஃபிஷிங் வாட்ச்: கடலைக் காட்டும் இலவச வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

உலகக் கடல்களில் எந்தக் கப்பல் எங்கே மீன்பிடிக்கிறது என்பதை எவரும் கட்டணமின்றிப் பார்க்க வகைசெய்யும் இணையச் சேவை குளோபல் ஃபிஷிங் வாட்ச். கடல் பாதுகாப்பு அமைப்பான ஓசியானா, செயற்கைக்கோள் படங்கள் மூலம் சுற்றுச்சூழலைக் கண்காணிக்கும் ஸ்கைட்ரூத், கூகுள் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய இது 2016 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இப்போது லாப நோக்கமற்ற தனி நிறுவனமாக இயங்குகிறது. கடற்படைகளும் மீன்வளத் துறைகளும் மட்டுமே பார்த்துவந்த தகவல்களைச் சாதாரண வாசகர் முன் விரித்துவைத்ததற்காகவே இதைப் பாராட்டலாம். ஆனால் திரையில் தெரிவது எது, தெரியாதது எது என்று அறியாமல் பயன்படுத்தினால், இது நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

பெரிய கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாதிருக்கத் தம் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் வேகத்தையும் ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி மூலம் இடைவிடாது அறிவித்துக்கொண்டே செல்கின்றன. அந்தச் சமிக்ஞைகளைச் செயற்கைக்கோள்கள் வழியாகத் திரட்டி, கப்பலின் போக்கை வைத்து அது மீன்பிடிக்கிறதா என்று கணினி நிரல் கணிக்கிறது. இழுவைமடிக் கப்பல் மெதுவாக முன்னும் பின்னும் போய்வரும். ஆயிரங்கால் தூண்டில் போடும் கப்பலின் தடம் வேறு மாதிரி இருக்கும். ஆகவே வரைபடத்தில் ஒளிரும் ஒவ்வொரு புள்ளியும் கணிப்பே தவிர, சாட்சியம் அன்று. அந்தக் கடலில் பிடிக்க அக்கப்பலுக்கு உரிமம் உண்டா என்பதையும் புள்ளியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இச்சேவையின் வலிமையைக் காண விரும்புவோர் கணவாய் மீன் பருவத்தில் அர்ஜென்டினாவுக்குக் கிழக்கே உள்ள கடலைத் திறந்து பார்க்க வேண்டும். மீன்பிடி உரிமை அந்நாட்டுக்கே உள்ள 200 கடல் மைல் எல்லைக்கு வெளியே, கோடு கிழித்தாற்போல் கப்பல்கள் அணிவகுத்து நிற்கும். கணவாயை ஈர்க்க அவை எரிக்கும் விளக்குகள் மிகப் பிரகாசமானவை என்பதால், வரைபடத்தில் இரவு விளக்குகளைக் காட்டும் தரவு அடுக்கை இயக்கினால் நடுக்கடலில் ஒரு நகரமே இருப்பதாகத் தோன்றும். கோட்டுக்கு வெளியே பிடிப்பது சட்டவிரோதம் அன்று. கருவியை அணைத்துவிட்டு உள்ளே நுழைவதுதான் சிக்கல். 2018 தொடக்கம் முதல் 2021 ஏப்ரல் வரையிலான இச்சேவையின் தரவுகளை ஓசியானா ஆராய்ந்தபோது, அந்த எல்லையை ஒட்டி 800-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுக் கப்பல்கள் இயங்கியதும், 24 மணி நேரத்துக்கு மேல் சமிக்ஞை அற்றுப்போன நிகழ்வுகள் 6,000-ஐத் தாண்டியதும் தெரியவந்தன. தனிக் கப்பலைத் தேடிப் பார்க்கும் பக்கத்தில் இந்த இடைவெளிகளோடு, நடுக்கடலில் இரு கப்பல்கள் நெருங்கி நின்ற நேரமும் பதிவாகியிருக்கிறது. துறைமுகத்துக்கு வராமலேயே மீன் கைமாறுவது அப்படித்தான் என்பதால், எனக்கு மிகவும் பயன்பட்டது இந்தப் பக்கமே.

குறை பெரியது. 2017 முதல் 2021 வரையிலான ராடார் படங்களை வைத்து 2024 ஜனவரியில் வெளியான ஆய்வு, உலகின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு பொதுவெளிக் கண்காணிப்பில் இல்லை என்று கண்டது. அதை வெளியிட்டவர்களும் இந்நிறுவனத்தாரே என்பது அவர்களின் நேர்மைக்குச் சான்று. சர்வதேச விதிப்படி ஏ.ஐ.எஸ். பெரிய கப்பல்களுக்கே கட்டாயம். நம் விசைப்படகுகள் அந்த அளவுக்கு வெகு கீழே நிற்பவை. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான சச்சரவுக்கு இங்கே விடை தேடுவது வீண் வேலை.

நாடுகள் தம் சொந்தக் கண்காணிப்புத் தரவுகளைக் கொடுத்த இடங்களில் படம் தெளிகிறது. 2017-இல் இந்தோனேசியா முதலில் கொடுத்தது. பெரு, பனாமா, சிலி ஆகியவை பின்தொடர்ந்தன. கொடுக்காத இடத்திலும் அறிஞர்கள் கைகோத்தால் பலன் உண்டு. கொரியா, ஜப்பான், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நால்வகைச் செயற்கைக்கோள் தரவுகளை இணைத்து, வடகொரியக் கடலில் 2017-இல் 900-க்கும் மேற்பட்ட சீனக் கப்பல்கள் மறைவாக மீன்பிடித்ததை 2020-இல் வெளிக்கொணர்ந்தனர்.

கண்டுபிடித்தபின் தண்டிப்பது வரைபடத்தின் வேலை அன்று. சந்தேகத்துக்குரிய கப்பலைத் துறைமுகத்தில் அனுமதிக்க மறுக்கும் அதிகாரத்தை 2016-இல் நடைமுறைக்கு வந்த துறைமுக நாடுகள் நடவடிக்கை உடன்படிக்கை தருகிறது. அதைச் செயல்படுத்தும் அதிகாரிக்கு இச்சேவை நல்ல துணை. செய்தியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். தரவுகளைப் பதிவிறக்க இலவசக் கணக்கு தொடங்க வேண்டும்; புதிய தகவல் சில நாள் தாமதமாகவே வரும்; தமிழில் பயன்படுத்த வசதி இல்லை. கைப்பேசித் திரையில் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நெரிவதால், கணினியில் திறப்பதே உத்தமம்.