110 டாலர் போச்சு: பழைய வீ ரிமோட் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

நின்டெண்டோ வீ என்ற பழைய வீடியோ கேம் கருவிக்கு எனக்கு ரிமோட் விற்றவர் நேற்று இரவு என்னை பிளாக் செய்துவிட்டார். 110 டாலர் போயே போய்விட்டது. இதே ஆளிடம் இன்னொருவர் மாட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் அப்பா பட்டன் நிறைந்த கன்ட்ரோலரைக் கையில் வாங்கிய வேகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். நண்பன் வீட்டு நின்டெண்டோ வீயில் பௌலிங் ஆடிய அன்றுதான் மாறினார். கையை வீசினால் பந்து உருளும், அவ்வளவுதான். 2006-இல் வந்த கருவி இன்றைக்கும் பெரியவர்களை நாற்காலியிலிருந்து எழுப்புவது அதனால்தான். அவருக்காக ஒரு பழைய வீ வாங்கினேன். வில்வித்தை உள்ள வீ ஸ்போர்ட்ஸ் ரிசார்ட்டும் வாங்கினேன். அந்த விளையாட்டுக்கு மோஷன் பிளஸ் (கையின் திருப்பத்தை உணரும் ரிமோட் துணைக்கருவி) கட்டாயம்.

இதில் காசைக் கரைப்பது துணைக்கருவிகள்தான். புதிதாக விற்ற காலத்தில் அமெரிக்காவில் ரிமோட் 40 டாலர், அதோடு இணைத்து இன்னொரு கையில் பிடிக்கும் நன்சக் 20 டாலர், 2009-இல் வந்த மோஷன் பிளஸ் இன்னொரு 20. ஆளுக்கு 80! நான்கு பேர் சேர்ந்து ஆட ஆசைப்பட்டால், ஒரு ரிமோட்டும் நன்சக்கும் கருவியோடு வந்தாலும், 250 டாலர் கருவிக்கு ஏறக்குறைய அதே அளவு மறுபடியும் செலவு. இந்தக் கணக்கு தெரிந்ததால்தான் விழுந்தேன். பழைய பொருள் விற்கும் தளம் ஒன்றில், மோஷன் பிளஸ் உள்ளேயே உள்ள ரிமோட் இரண்டும் நன்சக் இரண்டும் சேர்த்து 110 டாலர் என்று போட்டிருந்ததும் லாபமாகத் தெரிந்தது.

உடனே பணம் கட்டவில்லை. "ஒரிஜினல்தானா?" என்று இரண்டு முறை கேட்டேன். பத்தே நிமிடத்தில் ஒரு வீடியோ அனுப்பினார். ரிமோட்டின் நீல விளக்கு எரிகிறது, திரையில் கைக்குறி அவர் கை போன பக்கமெல்லாம் நகர்கிறது. "என் பிள்ளைகள் ஆடியது, பத்திரமாக வைத்திருந்தோம்" என்றார். பிள்ளைகள் என்றதும் நம்பிவிட்டேன்.

அந்த வீடியோ எதையுமே நிரூபிக்கவில்லை. டிவி அருகே வைக்கும் சென்சார் பாரில் இருப்பது வெறும் அகச்சிவப்பு விளக்குகள். ரிமோட்டின் முனையில் உள்ள கேமரா அவற்றைப் பார்த்துத்தான் கைக்குறியை நகர்த்துகிறது. பௌலிங் ஆட, ரிமோட்டில் கை வீச்சை உணரும் முடுக்கமானி போதும். மணிக்கட்டின் திருப்பத்தைச் சரியாகப் பிடிக்க ஜைரோஸ்கோப் வேண்டும், மோஷன் பிளஸ் என்பது அதுதான். எனக்கு வந்த இரண்டு ரிமோட்டிலும் மேலே எழுத்து மட்டும் இருக்கிறது, உள்ளே அது இல்லை. அப்பா வில்லைப் பிடிப்பது போல நின்றுகொண்டிருக்க, திரையில் மோஷன் பிளஸ்ஸை இணைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. நண்பனின் ரிமோட்டைக் கொண்டுவந்து பார்த்தேன், அது உடனே வேலை செய்தது.

விற்பனையாளரிடம் கேட்டால் முதலில் "பேட்டரியை மாற்றுங்கள்". அடுத்து "மேசையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள்". அதையும் செய்தேன். அப்புறம் "உங்கள் கருவி பழையது". கடைசியில் "அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது". ஒவ்வொரு பதிலுக்கும் இரண்டு நாள் இழுத்தடித்தார். தளத்தில் புகார் செய்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதாம். அந்தக் கெடு முடியத்தான் அவர் இழுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. 110 டாலர்! அந்தக் காசுக்கு நல்ல ரிமோட் ஒன்றாவது வாங்கியிருப்பேன்.

சரி, எச்சரிக்கை. மெனுவில் கைக்குறி நகரும் வீடியோவை நம்பாதீர்கள், மோஷன் பிளஸ் கேட்கும் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பொருள் வந்த அன்றே சோதியுங்கள். பழுது தெரிந்தால் விற்பனையாளரிடம் பேசிக்கொண்டிருக்காமல் முதலில் தளத்தில் புகாரைப் பதியுங்கள். இப்போதைக்கு இவ்வளவுதான் தோன்றுகிறது. மேல்முறையீடு போட்டிருக்கிறேன், பதில் வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.