மடிவீக்கத்துக்கு முதலில் டியூபா, பால் மாதிரியா?

மாட்டின் காம்பு சூடேறி, பால் திரிதிரியாக வந்ததும் கொங்கு நாட்டுக் கட்டுத்தரைகளில் பெரும்பாலும் நடப்பது மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் டியூப் வாங்கிக் காம்புக்குள் ஏற்றுவதுதான். அலைச்சல் இல்லை, செலவும் கம்மி. ஆனால் மடியில் என்ன கிருமி என்று தெரியாமல் போடும் மருந்து அது. ஈஸ்ட் என்ற பூஞ்சையாக இருந்தால் ஆன்டிபயாட்டிக் கேட்காது. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கு செல்சுவர் கிடையாது, அதனால் செல்சுவரைத் தாக்கும் பென்சிலின் பலிக்காது. லேசான ஈ.கோலை பாக்டீரியா தொற்று பல மாடுகளில் தானாகவே தணிந்துவிடும்.

சி.எம்.டி. என்ற கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையைக் கட்டுத்தரையிலேயே செய்யலாம். முதல் இரண்டு பீச்சு பாலைக் கழித்துவிட்டு, நான்கு குழித் தட்டில் காம்புக்கு ஒரு குழியாக இரண்டு மூன்று மி.லி. பால், அதே அளவு சோதனைக் கரைசல், பத்துப் பதினைந்து விநாடி சுழற்ற வேண்டும். கொழகொழத்தால் அந்தக் காம்பில் நோய். கரைசல் கிடைக்காவிட்டால் 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் சலவைத்தூள் கரைத்தும் பார்க்கலாம். வெளியே தெரியாத மடிநோயைப் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. மாதம் ஒருமுறை எல்லா மாட்டுக்கும் பார்ப்பது நல்லது. கன்று ஈன்ற முதல் வாரத்தில் மட்டும் இதை நம்ப வேண்டாம், சீம்பாலும் கொழகொழக்கும். எந்தக் காம்பு என்று சொல்லுமே தவிர, எந்த மருந்து என்று சொல்லாது.

அதைச் சொல்வது கல்ச்சர் சோதனை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களின் ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து, மருந்து வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றி வளராமல் நிற்கிறது என்று மில்லிமீட்டரில் அளப்பார்கள். இரண்டு மூன்று நாள் ஆகும். இது கெடுவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும்போதுதான். காம்பைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கும்போது எட்ட இருக்கும் காம்பு முதலில், கிட்ட இருப்பது பிறகு. பால் பிடிக்கும்போது கிட்ட இருப்பது முதலில். அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. மடித்தூசி விழாதபடி புட்டியைச் சாய்த்துப் பிடித்து 5 முதல் 10 மி.லி. போதும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஆய்வகத்தின் வளர்ப்புத் தட்டில் மூன்று நான்கு வகைக் கிருமி முளைத்தால் மாதிரி கெட்டது என்றே பொருள். டியூப் ஏற்றிய பிறகு எடுத்தால் எதுவும் முளைக்காமலும் போகலாம்.

கல்ச்சருக்கும் குறை உண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி விட்டு விட்டுத்தான் பாலில் வரும். மடிக்குள் கட்டியாக ஒளிந்தும் கிடக்கும். ஆய்வகத்தில் கேட்ட மருந்து மடியில் கேட்காமல் போவது அதனால்தான்.

மாடு தீனி எடுக்காமல், காது குளிர்ந்து, பால் தண்ணீராக வந்தால் முடிவுக்குக் காத்திருக்கக் கூடாது. மாதிரியை எடுத்து வைத்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள், மருந்தை அவர் முடிவு செய்யட்டும். மற்ற மாடுகளுக்கு இரண்டு மூன்று நாள் பொறுப்பதுதான் எங்கள் கணக்கில் லாபம். டியூப் தவறினால் இன்னொரு டியூப், அதற்கும் பால் ஊற்றாத நாட்கள். லேபிளில் நாள் குறிப்பிடாத மருந்துக்குச் சட்டப்படி குறைந்தது 7 நாள் பாலை ஊற்றாமல் விட வேண்டும். அதற்குள் சொசைட்டிக்கு ஊற்றும் பால் குழந்தைகளின் டம்ளருக்குத்தான் போகிறது. மருந்து கலந்த அந்தப் பாலில் உறை ஊற்றினால் தயிர்கூடச் சரியாக உறையாது.