‘பவர் ஏத்தித் தர்றோம்’ என்கிற கடையில் மரம் அறுக்கும் மிஷினைக் கொடுக்குமுன்

செயின் சா வைத்துப் பிழைக்கிறவர்கள், முக்கியமாகத் தைலமரம், சவுக்கு வெட்டுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் ஒரு கடையில், மிஷினுக்குப் பவர் ஏற்றித் தருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். கடைப் பெயரைப் போடவில்லை. நடந்த விதத்தைச் சொன்னாலே போதும், இதே வித்தையை வேறு ஊரில் வேறு ஆளும் காட்டுவான்.

எங்கள் மிஷின் 72 சிசி, 52 எம்எம் போர் (சிலிண்டரின் உள்விட்டம்). நல்ல நிலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. டன் கணக்கில் கூலி என்பதால், இன்னும் கொஞ்சம் வேகமாக அறுத்தால் தேவலை என்று இருந்தது. கடைக்காரர் பேச்சில் கெட்டிக்காரர். “அண்ணே, கம்பெனிக்காரன் பாதிப் பவரைப் பூட்டி வெச்சிருக்கான். நான் தொறந்து விடுறேன், அவ்வளவுதான்” என்றார். சைலன்சரைத் திறப்பது, சிலிண்டர் போர்ட்டை (காற்றும் புகையும் போய்வரும் துளை) தேய்ப்பது, கார்ப்பரேட்டர் செட்டிங், எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் ‘போர்ட்டிங் வேலை’ என்று எழுதிக் கொடுத்தார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, அதனால்தான் ஆள் மயங்குகிறது. புகைக் கட்டுப்பாட்டுக்காக நிறைய மாடல்களில் சைலன்சரை இறுக்கமாகத்தான் செய்கிறார்கள். கார்ப்பரேட்டர் திருகுகளுக்கு மூடி போட்டு, ஓரளவுக்கு மேல் திருப்ப முடியாதபடி வைக்கிறார்கள். சைலன்சரை முறையாகத் திறந்து, அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் கூட்டினால் மிஷின் நன்றாகவே இழுக்கும். அமெரிக்கா, கனடாவில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். போட்டியில் ‘ஹாட் சா’ என்று ஒரு வகை உண்டு, கட்டையில் மூன்று வட்டு அறுத்ததும் அதன் வேலை முடிந்தது. நமக்கு அந்தி வரை ஓட வேண்டுமே.

மிஷினை வாங்கப் போனபோது கடை வாசலிலேயே ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திக் காட்டினார். விசில் மாதிரிக் கத்தியது. கூட நின்றவர்கள் எல்லாம் “ஆகா” என்றார்கள். சூட்சுமமே இங்கேதான். கார்ப்பரேட்டரில் ஹெச் என்று போட்ட திருகு ஒன்று இருக்கிறது, முழு வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். அதைக் கொஞ்சம் மூடினால் பெட்ரோல் குறையும், சும்மா அழுத்தும்போது சுற்று ஏறும், சத்தம் கூர்மையாகும். பவர் ஏறிவிட்டது என்று காது நம்பிவிடும். டூ ஸ்ட்ரோக் மிஷினில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும். சரியாக செட் செய்த மிஷின் வெறுமனே அழுத்தும்போது கொஞ்சம் கரகரவென்று தடுமாறும், பாரை, அதாவது செயின் ஓடும் நீளத் தகட்டை, மரத்தில் வைத்து அழுத்தினால் அந்தக் கரகரப்பு போய்ச் சீராக இழுக்கும். சைலன்சரைத் திறந்தால் காற்று அதிகம் போகும், அப்போது ஹெச் திருகையும் கூடத் திறக்க வேண்டும். இவர் சைலன்சரையும் திறந்துவிட்டுத் திருகை மூடியும் வைத்திருந்தார்.

அதிக நாள் ஓடவில்லை. ஒரு பருத்த அடிமரத்தில் பாதி இறங்கியிருந்தபோது சத்தம் இன்னும் மேலே ஏறி, பட்டென்று நின்றது. கயிறு இழுபடவில்லை. சைலன்சரைக் கழற்றி, போர்ட் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், புகை போகும் பக்கம் பிஸ்டன் முழுக்க நெடுக்கில் கீறல், அலுமினியம் உருகி இழுத்த தடம்.

கடையில் கேட்டதும் எல்லாக் கடையிலும் சொல்லும் பதில் தயாராக வந்தது: “ஆயில் கம்மியாக் கலந்திருப்பீங்க அண்ணே.” கம்பெனி டூ ஸ்ட்ரோக் ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 50-க்கு 1. எங்கள் கணக்கு அதுதான். டேங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோலை ஒரு சொட்டு வெள்ளைத் தாளில் விட்டுக் காட்டினேன். பெட்ரோல் பறந்துபோய் ஆயில் கறை வட்டமாக நின்றது. ஆயில் கலக்காத பெட்ரோல் அப்படிக் கறை வைக்காது. அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

வேறு ஊரில் பழைய மெக்கானிக் ஒருவரிடம் பிரிக்கக் கொடுத்தபோதுதான் பெரிய திருட்டு வெளியே வந்தது. எங்கள் சிலிண்டரில் ஒரு ஃபின் (சூடு தணிய வெளியே வரிவரியாக இருக்கும் தகடு) நுனி உடைந்திருக்கும், முன்பு பாறையில் விழுந்து தெறித்தது. கழற்றி வைத்த சிலிண்டரில் எல்லா ஃபின்னும் முழுசாக இருந்தன. உள்ளே கம்பெனி முத்திரை இல்லை. போர்ட் ஓரமெல்லாம் வார்ப்புப் பிசிறு, விரல் வைத்தால் கீறுகிறது. அதாவது போர்ட்டைத் தேய்ப்பதாகச் சொல்லி ஒரிஜினல் சிலிண்டரை எடுத்துக்கொண்டு, மட்டமான காப்பி செட்டை மாட்டியிருக்கிறார்! நல்ல சிலிண்டரில் அலுமினியத்தின் மேல் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு இருக்கும், அதுதான் அதன் ஆயுசே. இதில் பூச்சு போர்ட் ஓரத்தில் உரிந்தே போயிருந்தது. சிலிண்டருக்கு அடியில் வைக்கும் மெல்லிய கேஸ்கெட்டையும் காணோம். அதை எடுத்தால் கம்ப்ரெஷன் ஏறும் என்பது வாஸ்தவம்தான், ஆனால் பிஸ்டனுக்கும் சிலிண்டர் தலைக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிட்டுச் செய்கிற வேலை அது. இதை மெக்கானிக் சொல்லும்போதே அவர் முகம் சுருங்கியது. சைலன்சரில் டிரில் போட்ட ஓட்டைகள், தீப்பொறி தடுக்கும் வலையும் இல்லை. காய்ந்த தைலமரச் சருகுக்கு நடுவில் அந்த மிஷினை ஓட்டியிருக்கிறோம்.

பழைய சிலிண்டரைக் கேட்டால் “எடைக்குப் போட்டாச்சு” என்கிறார். பணமும் வரவில்லை. துண்டுச் சீட்டில் கடைப் பெயர் இல்லாததால் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவதும் இழுபறியாக இருக்கிறது. முறையான பில் வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் சைலன்சரைக் கழற்றி பிஸ்டனையும் சிலிண்டரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மாற்றிய சாமான் எல்லாம் பழசு கைக்கு வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வாசலில் கத்தவிட்டுக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரு கட்டையைப் போட்டு அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், பவர் குறைந்தது இஞ்சினில்தானா என்று பாருங்கள். அறுக்கும்போது மாவாகக் கொட்டினால் செயின் மொட்டை, செதிலாக வந்தால் கூர் இருக்கிறது. பல்லுக்கு முன்னால் இருக்கும் ஆழக் குமிழை, பல்லைவிட 0.65 எம்எம் தாழ்வாக இருக்கும்படி ராவி, தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டை (செயினை ஓட்டும் பல்சக்கரம்) மாற்றினாலே பாதிப் பேருக்கு ‘போர்ட்டிங்’ தேவைப்படாது. புது அரமும் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்தாலும் 6,500-இல் சின்னப் பங்குதான்.

ஏற்கெனவே அந்தப் பக்கம் மிஷினைக் கொடுத்து வாங்கியவர்களுக்கு அவசரமாக ஒன்று. எங்கள் மிஷினில் செயின் பிரேக்கின் பட்டையையும் எடுத்திருந்தார்கள். கைக்கு முன்னால் இருக்கும் காப்பை முன்னே தள்ளினால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது, செயின் பாட்டுக்கு ஓடுகிறது. பார் நுனியின் மேல்பக்கம் மரத்தில் பட்டால் மிஷின் முகத்துக்கு எகிறும், அப்போது காப்பாற்றுவது அந்தப் பட்டை மட்டும்தான். மிஷினை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பார் எதிலும் படாமல், முழுசாக அழுத்திக்கொண்டே இடது மணிக்கட்டால் காப்பை முன்னே தட்டுங்கள். செயின் அந்த நிமிடமே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் இஞ்சினை அணைத்துவிட்டு, செயின் கவரைக் கழற்றி, கிளட்ச் டிரம்மைச் சுற்றி இரும்புப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் அது கவருக்குள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால், பட்டை மாட்டும் வரை அந்த மிஷினை வேலைக்கு எடுக்காதீர்கள்.