பழைய டிராக்டர் சக்கரத்துக்கு போல்ட் வாங்குகிறீர்களா? தலையில் இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள்

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் எச்.டி. (ஹை டென்சைல், அதாவது அதிக இழுவிசை தாங்கும்) போல்ட் என்று சொல்லி, அதற்கான விலையையும் வாங்கிக்கொண்டு, சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், மென்மையான இரும்பு) போல்ட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள். அதைப் பின் சக்கரத்தில் மாட்டியிருந்தோம். ஓட்டுகிறவர் உயிருக்கே உலை வைக்கிற வேலை இது.

வண்டி என் மாமாவுடையது, மாசி பெர்குசன் 1035. செங்குன்றத்தில் ஒரு பட்டறையில் விட்டுப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம். ரிம்மையும் நடுத்தட்டையும் சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டுகள் துருவேறிப் போனதால் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் மெக்கானிக். அளவு அஞ்சு நூல், அதாவது 5/8 அங்குலம், பொடி (நெருக்கமான) மரை. கிரேடு என்பது போல்ட்டின் வலிமைத் தரம்; கிரேடு 5-க்கு அடையாளம் தலையில் மூன்று கோடு. கடையில் தெளிவாகவே கேட்டேன்: "கிரேடு 5, தலையில மூணு கோடு இருக்கணும்." எடுத்துக் கொடுத்ததில் மூன்று கோடும் இருந்தது. மஞ்சள் பாலிஷ் பளபளவென்று மின்னியது. பில்லில் மட்டும் 'போல்ட் நட்' என்று எழுதியிருந்தார்கள். கிரேடு எழுதச் சொன்னதற்கு, "நாங்க அப்படி எழுதுறது இல்ல சார்" என்றார்கள்.

மாட்டி, டிரெய்லரோடு கொஞ்ச நாள் ஓடியது. புது போல்ட் மாட்டினால் சிறிது ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்த்தபோது நட்டெல்லாம் தளர்ந்திருந்தது. மெக்கானிக் டார்க் ரெஞ்சை (குறித்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் தரும் ஸ்பேனர்) போட்டுத் திருகினார். 'டிக்' சத்தம் வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கை பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே போகிறது. "தம்பி, இது இறுகல, இழுபடுது" என்று கழற்றிக் காட்டினார். நட்டு உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே போல்ட் இடுப்பு ஒடுங்கியதுபோல் மெலிந்திருந்தது. மரைக்கு மரை இடைவெளி விலகி, விரலால் சுற்றினால் நட்டு பாதியில் நின்றுவிட்டது. மாட்டாத போல்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் நீள வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

சக்கரத்தைப் பிடித்து வைப்பது போல்ட்டின் இழுவிசை. அது இரண்டு தகடுகளையும் நெருக்கி அழுத்தும்; அந்த உராய்வுதான் பாரத்தைத் தாங்குகிறது. போல்ட் நீண்டுவிட்டால் அழுத்தம் போய்விடும். பிறகு தகடு அசையும், ஓட்டை நீள்வட்டமாகும், போல்ட் முன்னும் பின்னும் வளைந்து வளைந்து ஒருநாள் அறுந்துவிடும். மில்லிமீட்டர் அளவு போல்ட்டுகளில் கிரேடு 5-க்கு நெருக்கமான தரம் 8.8. முதல் எட்டு, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறாது என்பதற்கு. அடுத்த எட்டு, அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாது என்பதற்கு. எம்.எஸ். என்று விற்கும் 4.6-க்கு இந்த எல்லை 240தான். 16 மி.மீ. போல்ட்டில் 8.8 சுமார் 10 டன் இழுப்பு வரை நீளாமல் நிற்கும், 4.6 நாலு டன்னுக்குள்ளேயே இழுபட ஆரம்பித்துவிடும்.

சந்தேகம் தீர, மாட்டாதவற்றில் சிலவற்றை அம்பத்தூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் கடினம் பார்க்கக் கொடுத்தோம். கிரேடு 5 என்றால் கடினத்தை அளக்கும் ராக்வெல் 'சி' அளவில் 25 முதல் 34 வரை இருக்க வேண்டும். இவை அந்த அளவுகோலுக்கே வரவில்லை. மென்மையான இரும்புக்கான 'பி' அளவில்தான் அளக்க முடிந்தது. அந்த மூன்று கோடும் வெறும் அச்சு. தலையைத் திரும்பப் பார்த்தால் தயாரிப்பாளரின் குறி எங்குமே இல்லை. கிரேடு குறியோடு கம்பெனிக் குறியும் தலையில் இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. கோடு மட்டும் இருந்து கம்பெனிக் குறி இல்லாத போல்ட்டைத் தொடாதீர்கள்.

கடைக்குத் திரும்பப் போனபோது நடந்தது இன்னும் மோசம். "எல்லாம் இரும்புதானே சார்" என்றவர், பிறகு "வேணும்னா 12.9 தர்றேன், இதைவிட ஸ்ட்ராங்கு" என்று ஜிங்க் பூசிய ஒன்றை நீட்டினார். அதையும் வாங்காதீர்கள். அவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே போய்விட்டால், இறுக்கி வைத்த போல்ட் நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். வண்டிப் புத்தகத்தில் என்ன கிரேடோ அதுதான் வேண்டும். நட்டும் அதே தரத்தில் இருக்க வேண்டும். 16 மி.மீ. நட்டை "அஞ்சு நூலுக்குச் சேரும்" என்று கொடுக்கிறவர்களும் உண்டு. 5/8-க்கு விட்டம் 15.875 மி.மீ., அங்குலத்துக்கு 18 மரை. மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி உள்ள 16 மி.மீ. நட்டு சில சுற்று தொளதொளவென்று போய், பிறகு மரையைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும். இறுகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பரிசோதனை அறிக்கை, பில், மாட்டாத போல்ட்டுகள் எல்லாம் கையில் இருக்கின்றன. சமீபத்தில் அந்தப் பக்கம் கம்பெனிக் குறி இல்லாத மூன்று கோட்டு மஞ்சள் போல்ட் வாங்கி மாட்டியிருப்பவர்கள், வண்டியை எடுக்கும் முன் ஒன்றைக் கழற்றி நட்டை விரலால் சுற்றிப் பாருங்கள். பாதியில் நின்றால் அந்தச் சக்கரத்தோடு ரோட்டுக்குப் போகாதீர்கள்.