எச்சரிக்கை: டோக்கியோவில் தெருவில் நின்று அழைப்பவரின் பின்னால் உணவகத்துக்குப் போகாதீர்கள்

சென்ற மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவு, டோக்கியோவின் ஷின்ஜுகு வட்டாரத்திலுள்ள கபுகிச்சோவில், ஆள் பிடிக்கும் ஓர் இளைஞனை நம்பிப் போய், 6,000 யென்னில் முடிய வேண்டிய சாப்பாட்டுக்கு 26,812 யென், அதாவது நம் பணத்தில் 15,000 ரூபாய்க்கு மேல், கொடுத்துவிட்டு அரை வயிற்றோடு வெளியே வந்தோம். ஜப்பானுக்குப் புறப்படுகிறவர்கள், அதிலும் சைவ உணவுக்காரர்கள், இதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

ஏமாந்ததற்குப் பாதிக் காரணம் அன்றைய பகலை நாங்கள் அமைத்துக்கொண்ட விதம். நானும் மனைவியும் அவள் தம்பியும் காலை ஏழரைக்கே அசகுசாவில் இருந்தோம். கூட்டம் சேருமுன் சென்சோ-ஜி ஆலயத்தைப் பார்த்துவிட்டு, உவேனோ பூங்காவில் செர்ரி மரங்களின் கீழ் நடந்து, கின்ஸா தடச் சுரங்க ரயிலில் அதன் மறுகோடியான ஷிபுயாவுக்குப் போய்ப் புகழ்பெற்ற அந்தச் சந்தியை மூன்று முறை குறுக்கே கடந்து, ஹராஜுகுவில் மெய்ஜி ஆலயத்தைச் சூழ்ந்த காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் சுற்றி, மாலையில் பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடியில், 202 மீட்டர் உயரத்திலிருந்து நகரைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம் என்பதால் அங்கும் வரிசையில் நின்றோம். மைத்துனனின் கைப்பேசி 31,000 அடிகள் என்று காட்டியது. மதியம் ஆளுக்கு ஒரு பன்னும் வாழைப்பழமும்தான். எங்கே எத்தனை நிமிடம் என்று குறித்திருந்த திட்டத்தில் இரவு உணவுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

உவேனோவில் ஒரு மோசடியிலிருந்து தப்பித்திருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். துறவி உடையில் வந்த ஒருவர் பொன்னிற அட்டையொன்றை மனைவியின் கையில் திணித்து, ஒரு குறிப்பேட்டை நீட்டி, அதில் பிறர் எழுதியதாகத் தோன்றிய 5,000, 10,000 யென் நன்கொடைகளை விரலால் சுட்டினார். உண்மையான துறவிகள் சுற்றுலாப் பயணிகளைத் துரத்தி எதையும் கையில் திணிப்பதில்லை என்று படித்திருந்ததால், அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தோம். நம்மை யாரும் ஏமாற்ற முடியாது என்ற கர்வம் எனக்கு அன்று இரவு வரை இருந்தது.

கபுகிச்சோவுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. ஜப்பானியச் சமையலில் காய்கறிக் குழம்புக்கும் அடிப்படையாக இருப்பது பெரும்பாலும் தாஷி என்ற மீன் சாறு என்பதால், எங்களுக்கு ஏற்ற இடம் கிடைப்பதே கடினம். தேடிப் போன இரண்டு கடைகளில் கடைசி ஆர்டர் முடிந்துவிட்டது. “இனிமே ஒரு அடி எடுத்து வைக்க முடியாது அத்தான்” என்று மைத்துனன் கட்டட உச்சியில் கோட்ஸில்லா என்ற திரைப்பட அரக்கனின் தலைச்சிலை தெரியும் தெருவோரத்தில் நின்றுவிட்டான். அப்போதுதான் கருப்பு மேலங்கி அணிந்த இளைஞன் ஒருவன் வந்து, “வெஜிடேரியன்? ஓகே!” என்றான். நாங்கள் தேடிய சங்கிலி உணவகத்தின் பெயரைச் சொன்னதும், அது நிரம்பிவிட்டதாகவும், அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையில் இடமிருப்பதாகவும், இரண்டு மணி நேரத்துக்கு உணவும் பானமும் சேர்த்து ஆளுக்கு 2,000 யென்தான் என்றும் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினான். அவன் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், ஆள் பிடிப்பவர்களை நம்ப வேண்டாம் என்று தெருவின் ஒலிபெருக்கி எங்கள் தலைக்கு மேலேயே எச்சரித்துக்கொண்டிருந்தது. பசித்த காதுக்கு அது தெரு இரைச்சலோடு இரைச்சலாகவே பட்டது.

மின்தூக்கியில் நான்காம் மாடிக்கு அழைத்துச் சென்று எங்களை ஒப்படைத்துவிட்டு அவன் போய்விட்டான். உட்கார்ந்தவுடன், கேட்காமலே மூன்று சிறு கிண்ணங்களில் ஏதோ ஊறுகாய் வந்தது. சைவம் என்று மீண்டும் சொன்னதற்குத் தலையாட்டிய பணியாளர், பொரித்த டோஃபுவைக் கொண்டுவந்து வைத்தார். அதன்மேல் தச்சர் இழைப்புளியில் வந்த மரச்சீவல் போன்ற மெல்லிய பழுப்புச் சீவல்கள், சூட்டில் உயிருள்ளவை போல் நெளிந்து வளைந்துகொண்டிருந்தன. உலர்த்திச் சீவிய மீன் அது. மனைவி தட்டை நகர்த்தி வைத்துவிட்டாள். வேகவைத்த பச்சைச் சோயா, உருளைக்கிழங்கு வறுவல், சோறு, இவ்வளவுதான் எங்களால் உண்ண முடிந்தது.

பில்லை மொழிபெயர்த்துப் படித்தபோதுதான் கணக்கு புரிந்தது. சொன்னபடி 6,000 இருந்தது, ஆனால் அது பானத்துக்கு மட்டுமாம். அதற்குமேல் இருக்கைக் கட்டணம் 2,700. கேட்காமல் வந்த கிண்ணங்களுக்கு 2,400. சனிக்கிழமைக் கட்டணம் 3,000. ஆளுக்கு இரண்டு உணவு கட்டாயம் என்று ஆறு தட்டுகளுக்கு 5,400. இந்த 19,500க்கு 15 சதவீதம் சேவைக் கட்டணம், பத்து மணிக்கு மேல் இருந்ததற்கு 10 சதவீதம், பிறகு எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 சதவீத வரி. அட்டை இயந்திரம் பழுது என்று சொல்லி, ஒரு பணியாளர் என்னோடு கீழே இறங்கி ஏடிஎம் வரை வந்தார். குரலை உயர்த்தவும் இல்லை, மிரட்டவும் இல்லை.

இந்த ஏமாற்றின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. ஒதோஷி எனப்படும் அந்தக் கிண்ணம் இஸாகாயா என்ற மதுவுணவகங்களில் வழக்கமானது. நல்ல கடைகளில் 300 முதல் 500 யென் வரை வாங்குவார்கள். பின்னிரவுக் கட்டணமும் பல இடங்களில் உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஏதோ ஒரு வழக்கத்தின் பெயர் இருக்கிறது; தொகையும் மறைத்த விதமும்தான் மோசடி. அருகிலிருந்த கோபானுக்கு, அதாவது காவல் சாவடிக்கு, போனோம். காவலர் பொறுமையாகக் கேட்டார். மிரட்டலோ அடியோ இல்லாத நிலையில் இது இரு தரப்பாரும் பேசித் தீர்க்க வேண்டிய பண விவகாரம் என்று மொழிபெயர்ப்புக் கருவியில் காட்டினார். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே, கடையிலிருந்தபடி காவல்துறையின் அவசர எண்ணான 110ஐ அழைத்திருக்க வேண்டும். கொடுத்தபின் போனது எங்கள் தவறு.

போகிறவர்கள் இரவு உணவுக்கான கடையைக் காலையிலேயே தேர்ந்து இடம் பதிவு செய்துவிடுங்கள். அது முடியாவிட்டால் பெரிய பல்பொருள் அங்காடிகளின் மேல்மாடி உணவகங்களுக்குப் போகலாம். வாசலிலேயே மாதிரி உணவும் விலையும் வைத்திருப்பார்கள். ‘நீங்கள் தேடும் கடை நிரம்பிவிட்டது’ என்று யாராவது சொன்னால், அந்தக் கடை வாசலுக்கே போய்ப் பாருங்கள். மறுநாள் நாங்கள் பார்த்தபோது அது இருநூறு அடி தள்ளி, ஆளே இல்லாமல் இருந்தது.

கடையின் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. அந்த இளைஞன் சொன்னது ஒரு பெயர், ரசீதில் இருந்தது வேறொரு பெயர், ஊர் திரும்பி வரைபடத்தில் தேடியபோது அதே கட்டடத்தின் அதே மாடியில் இருந்தது மூன்றாவது பெயர்.