வடலூரில் வள்ளலாரை நினைவுகூர இரு வழிகள்: ஞானசபையா, தருமச்சாலையா?

1823-இல் மருதூரில் பிறந்து, 1874 தை மாதத்தில் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தின் அறைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்ட வள்ளலாரை நினைவுகூர வடலூருக்கு வருவோரில் பெரும்பாலோர் தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் ஏழு திரைகள் நீக்கிக் காட்டப்படும் சோதியைத் தரிசிக்கவே வருகின்றனர். கருமையில் தொடங்கி நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை எனத் தொடர்ந்து கலப்பு நிறத்தில் முடியும் அத்திரைகள் ஒவ்வொன்றாக விலகியதும், கண்ணாடிக்குப் பின்னே சுடர் தோன்றுவது சில நொடிகளே. அதற்காக நெரிசலில் நெடுநேரம் நிற்க வேண்டும். மாதப்பூசத்தில் ஆறு திரைகளே நீக்கப்படுகின்றன என்றாலும், முதியோருக்கு அந்நாளே உகந்தது.

தருமச்சாலைக்கு நாள் பார்க்கத் தேவையில்லை. 1867 மே 23 அன்று வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பார்வதிபுரம் மக்கள் அளித்த நிலத்தில் எழுந்த அச்சாலையில் பசித்து வருவோர் எவரையும் சாதியோ சமயமோ கேளாமல் பந்தியில் அமர்த்தி உணவளிக்கின்றனர். சபைக்குள் நுழையப் புலால் மறுத்திருக்க வேண்டும் என்று விதித்தவர், பசிக்கு மட்டும் அத்தகைய நிபந்தனை எதையும் வைக்கவில்லை என்பது கருதத்தக்கது. சபையை அவர் நிறுவியது ஐந்து ஆண்டுகள் கழித்து, 1872-இல்தான். இவ்வரிசையை எண்ணும்போது, ஒரே நாள் வாய்ப்பவர் அரிசியோ பருப்போ கொண்டுசென்று சாலையில் சேர்ப்பித்துவிட்டு, பிறகு சபைக்குச் செல்வதே பொருத்தம் எனத் தோன்றுகிறது.